‘ஒண்ணும் இல்ல’ என்ற பதிலுக்குள் என்ன இருக்கிறது? - மாணவர்கள் எழுதும் வலைப்பூவும் பெற்றோரின் பயமும்

‘இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது வீடுகளில் வரும் பதில், ‘ஒண்ணும் இல்ல’. அதே பிள்ளை ராத்திரி நண்பனிடம் போனில் முக்கால் மணி நேரம் பேசும். கணக்கு சார் போட்டிருந்த சட்டை, பஸ்ஸில் கிடைக்காத சீட்டு, மதியம் பக்கத்துப் பெஞ்சில் பிடுங்கித் தின்ற உருளைக்கிழங்கு வறுவல் என்று விஷயத்துக்குப் பஞ்சமே இருக்காது.

இந்தச் சின்னச் சின்ன விஷயங்களைச் சில மாணவர்கள் எழுத ஆரம்பிக்கிறார்கள். நோட்டில் எழுதினால் நாட்குறிப்பு. இணையத்தில் எழுதினால் வலைப்பூ. நோட்டில் எழுதும்வரை வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை. இணையம் என்றதும், ‘படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்கு?’ என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மாணவர்களின் அன்றாடத்தை ஊரே படித்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணங்கள் இருக்கின்றன. நல்லதும் நடந்திருக்கிறது, சிக்கலும் வந்திருக்கிறது. பல நேரம் இரண்டும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

மதியச் சாப்பாட்டுக்கு மார்க் போட்ட மார்த்தா

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் லாக்கில்ப்ஹெட் என்று ஒரு சிற்றூர். அங்கே தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மார்த்தா பெய்னுக்கு 2012-ல் வயது 9. செய்தியாளர் மாதிரி எழுத வேண்டும் என்பது ஆசை. எதைப் பற்றி எழுதுவது? தினமும் கண் முன்னால் இருந்தது பள்ளி மதிய உணவுத் தட்டு. அதைப் படம் எடுத்து, அப்பாவின் உதவியோடு ஒரு வலைப்பூ ஆரம்பித்தார். பெயர் ‘நெவர்செகண்ட்ஸ்’. நம்மூர் வழக்கில் சொன்னால், ‘மறுசோறு கிடையாது’.

சொந்தப் பெயரில் எழுதவில்லை. ‘வெஜ்’ என்று புனைபெயர். சைவச் சாப்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். ‘ருசி வழியே உண்மை’ என்று பொருள் தரும் லத்தீன் சொற்றொடரின் முதல் எழுத்துகள் அவை.

ஒவ்வொரு தட்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். எத்தனை வாய் சாப்பிட்டேன், உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று தனித்தனிக் கணக்கு. சாப்பாட்டில் முடி கிடந்ததா என்பதற்கும் ஒரு வரி! ஆரம்ப நாட்களில் வெளிவந்த படம் ஒன்று பலருக்கு நினைவிருக்கலாம். ஒரு துண்டு பீட்சா, கொஞ்சம் சோளம், ஒரு சின்ன கேக், ஒரே ஒரு உருளைக்கிழங்கு குரோக்கெட், அதாவது உருட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு. மதியம் முழுக்கப் பாடத்தைக் கவனிக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த ஒன்று எப்படிப் போதும் என்பதுதான் மார்த்தாவின் வாதம். அழகாக எழுத வேண்டும் என்ற முயற்சி எதுவும் அதில் இல்லை. தட்டில் இருந்ததை எண்ணிச் சொன்னார், அவ்வளவுதான். அதுதான் பெரியவர்களைச் சுட்டது.

சில வாரங்களில் கூட்டம் கூடியது. வேறு நாட்டுப் பிள்ளைகள் தங்கள் பள்ளித் தட்டுகளைப் படம் எடுத்து அனுப்பினார்கள். பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி நிர்வாகம், மாணவர்கள் சாலட், பழம், ரொட்டி ஆகியவற்றை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம் என்று தெளிவுபடுத்தியது. கூடவே, மலாவி நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் ‘மேரிஸ் மீல்ஸ்’ என்ற தொண்டு நிறுவனத்துக்கு ஒரு சமையல்கூடம் கட்ட 7,000 பவுண்டு திரட்டுவது என்று மார்த்தா முடிவு செய்திருந்தார். வந்தது ஓரளவு பணம்தான்.

2012 ஜூன் 14. கணக்கு வகுப்பில் இருந்தவரைத் தலைமை ஆசிரியர் வெளியே அழைத்து, இனிமேல் சாப்பாட்டைப் படம் எடுக்கக் கூடாது என்று சொன்னார். மார்த்தா வீட்டுக்கு வந்து, நடந்ததை அப்படியே எழுதி, வாசகர்களிடம் விடைபெற்றார். அடுத்து நடந்ததை நிர்வாகம் எதிர்பார்த்திருக்காது. விஷயம் உலகச் செய்தியானது. மறுநாளே, ஜூன் 15 அன்று, தடை விலக்கப்பட்டது. 7,000 பவுண்டு இலக்கு வைத்த நிதி சில நாட்களில் 1 லட்சம் பவுண்டைத் தாண்டியது. மலாவியில் சமையல்கூடம் எழுந்தது.

‘சின்னப் பொண்ணு ஜெயிச்சுட்டா’ என்று இந்தக் கதையை முடித்துவிடுவதுதான் வழக்கம். நடுவில் இன்னொரு தரப்பும் இருக்கிறது. தடைக்குக் காரணமாக மார்த்தா குறிப்பிட்டது, பத்திரிகை ஒன்றில் வந்த தலைப்பை. உணவு பரிமாறும் பெண்களை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும் என்கிற தொனியில் அந்தத் தலைப்பு இருந்தது. எங்கள் ஊழியர்கள் வேலைக்குப் பயப்படுகிறார்கள் என்றது நிர்வாகம். தடை போட்டது தவறு. ஆனால் அந்தப் பயம் பொய் என்று சொல்லிவிட முடியாது. சமையல்காரர்கள் தட்டில் என்ன வைக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் அல்லர். மார்த்தாவும் அவர்களைக் குறைசொல்லி எழுதவில்லை. எழுதியது 9 வயதுப் பிள்ளை, தலைப்பு வைத்தது பெரியவர்கள்.

நம்மூரில் ஒரு மாணவி சத்துணவுத் தட்டைப் படம் எடுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதலில் விளக்கம் கேட்கப்படுவது யாரிடம்? சத்துணவு அமைப்பாளரிடமும் சமையலரிடமும்தான். முட்டை ஏன் சின்னதாக இருக்கிறது என்பதற்கு அந்த அம்மாவா பதில் சொல்ல முடியும்?

புனைபெயர் எதுவரை காக்கும்?

மார்த்தாவுக்கு மூன்று ஆண்டுகள் முன்பு, பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் இன்னொரு மாணவி எழுதிக்கொண்டிருந்தார். பிபிசி உருது இணையதளத்தில் 2009 ஜனவரி 3 அன்று முதல் குறிப்பு வந்தது. எழுதியவர் பெயர் ‘குல் மகாய்’. உண்மையில் அவர் மிங்கோரா நகரில் படித்துக்கொண்டிருந்த 11 வயது மலாலா யூசுஃப்சாய்.

அவர் பிற்காலத்தில் ஆற்றிய உரைகளை நினைத்துக்கொண்டு அந்தக் குறிப்புகளைத் திறந்தால் ஆச்சரியமாக இருக்கும். இருப்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளையின் நாள்கள். ராணுவ ஹெலிகாப்டரும் தாலிபான்களும் வந்த கெட்ட கனவு. வகுப்பில் 27 பேரில் 11 பேர் மட்டுமே வந்தது. சீருடை வேண்டாம், சாதாரண உடையில் வாருங்கள் என்று பள்ளியில் சொன்னதால், பிடித்த இளஞ்சிவப்பு உடையைப் போட்டுக்கொண்டு போனது. போனால் அங்கே, பளிச்சென்ற நிறம் வேண்டாம், தாலிபான்களின் கண்ணில் படும் என்று சொன்னார்கள். ஜனவரி 15 முதல் பெண்கள் பள்ளிக்குப் போகக் கூடாது என்பது தாலிபான்களின் கட்டளை. அதற்கு முந்தின நாள், வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக மைதானத்தில் விளையாடியதாக எழுதினார். ஓர் ஊரே பயத்தில் எப்படி வாழ்ந்தது என்பது அந்த உடையின் நிறத்திலிருந்தே நமக்குப் புரிந்துவிடுகிறது.

அந்தக் குறிப்புகளில் ஓர் இடம் எந்த அப்பாவையும் நிறுத்திவிடும். இந்த நாட்குறிப்பை அச்செடுத்து யாரோ மலாலாவின் தந்தையிடம் கொண்டுவந்து, எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள் என்றாராம். அவர் சிரித்துக்கொண்டார். எழுதியது என் மகள் என்று சொல்ல முடியவில்லை.

அதே ஆண்டிலேயே குல் மகாய் யார் என்பது வெளியே தெரிந்துவிட்டது. அவரும் சொந்தப் பெயரில் பொதுவெளியில் பேசத் தொடங்கியிருந்தார். 2012 அக்டோபர் 9-ல் அவர் சுடப்பட்டதும், 2014-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றதும் எல்லோரும் அறிந்தவை. புனைபெயர் ஒரு வேலி. ஆனால், ஊர், பள்ளி, வகுப்பு, அப்பாவின் தொழில் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் தெரிந்தவர்களுக்கு ஆள் யாரென்று பிடிபட்டுவிடும். நம் பிள்ளைகளுக்கு அந்த அளவு ஆபத்து இல்லைதான். ஆனாலும், ‘பேர் போடலியே, அப்புறம் என்ன?’ என்ற நினைப்பு எங்கேயும் பாதுகாப்பு ஆகாது.

மற்றவர்களின் பெயரை என்ன செய்வது?

எழுதுகிறவருக்குப் புனைபெயர் சரி. எழுதப்படுகிறவர்களுக்கு? கூடப் படிப்பவர்கள், ஆசிரியர், அண்ணன், அத்தை எல்லோரும்தான் அன்றாடத்தில் வருவார்கள். அவர்கள் யாரும் நம்மிடம் சம்மதம் தந்திருக்க மாட்டார்கள்.

இதைப் பற்றி யோசித்தவர் ஆன் ஃபிராங்க். 13-வது பிறந்தநாளை ஒட்டிக் கிடைத்த நோட்டில் 1942 ஜூனில் எழுதத் தொடங்கினார். ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த காலத்தில் சுவரில் சினிமா நடிகர்களின் படங்களை ஒட்டினார், ராஜ குடும்பங்களின் வம்சாவளியைத் தேடித் தேடிக் குறித்தார், கிரேக்க புராணக் கதைகளைப் படித்தார். இன்றைய ஒன்பதாம் வகுப்பு மாணவியின் பொழுதுபோக்குகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. 1944 மார்ச் 28 அன்று, லண்டனிலிருந்து நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் வானொலியில் பேசினார். மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பாதுகாத்து வையுங்கள், போர் முடிந்ததும் சேகரிப்போம் என்றார். அதைக் கேட்ட பிறகு ஆன் தன் குறிப்புகளைத் தனித் தாள்களில் திருத்தி எழுத ஆரம்பித்தார். சில இடங்களை வெட்டினார். கூட இருந்தவர்களுக்கு மாற்றுப் பெயர்கள் வைத்தார். வான் பெல்ஸ் குடும்பம் ‘வான் டான்’ ஆனது அப்படித்தான்.

எனக்காக எழுதியது வேறு, ஊருக்காக எழுதுவது வேறு என்று 14 வயதில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று எழுதும் மாணவர்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதலில் நோட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் படித்து, பொதுவில் போடத்தக்கதை மட்டும் திருத்திப் போடுங்கள். கோபத்தில் எழுதிய பாதி அதற்குள் தானாகவே உதிர்ந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது, வீடு என்ன செய்யலாம்?

இந்தியாவில் கூகுள் கணக்கைத் தானே நிர்வகிக்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு இருந்தால்தான் ‘பிளாகர்’ தளத்தில் எழுத முடியும். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தகவல்களை நிறுவனங்கள் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதோ அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதோ கூடாது என்றும் சொல்கிறது. ஆனால், பிள்ளை தானே எழுதிப் போட்ட வீட்டு முகவரியை இந்தச் சட்டம் வந்து அழித்துத் தராது.

ஆகவே கவனிக்க வேண்டியவை சாதாரண விஷயங்கள்தான். சீருடையில் இருக்கும் பள்ளி முத்திரை படத்தில் தெரிகிறதா? போன் கேமராவில் இருப்பிடப் பதிவு அணைக்கப்பட்டிருக்கிறதா? தினமும் 5 மணிக்கு எந்த நிறுத்தத்தில் இறங்குகிறேன் என்று எழுதியிருக்கிறதா? ‘ஊருக்குப் போறோம்’ என்பதை ஊருக்குப் போய் வந்த பிறகு எழுதலாமே! பின்னூட்டங்களைப் படித்துப் பார்த்து வெளியிடும் வசதி பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் இருக்கிறது. அந்த வேலையை ஆரம்பத்தில் அம்மாவோ அப்பாவோ அண்ணனோ பார்த்துக்கொள்வது நல்லது. அதற்காக ஒவ்வொரு வரியையும் பெரியவர்கள் திருத்த ஆரம்பித்தால் பிள்ளை இரண்டாவது வாரமே நிறுத்திவிடும்.

எதை எழுதுவது என்று தடுமாறும் மாணவர்களுக்குப் பொழுதுபோக்கு நல்ல தொடக்கம். மற்றவர்களின் அந்தரங்கம் அதில் அதிகம் வராது. மொட்டை மாடிக்கு வரும் பறவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழகத்தில் பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் கவனித்து, பார்த்தவற்றை ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிவேற்றுகிறார்கள். மாணவர்களும் கலந்துகொள்ளலாம். அங்கே எண்ணிக்கை மட்டும் போகும். மழை தூறியதும், மைனா பாட்டி காயப்போட்ட வடகத்தைக் கொத்தியதும் எழுதினால்தான் உண்டு.

இன்னொன்று, எழுதியதைப் பத்திரப்படுத்துவது. ஆர்குட் 2014-லும் கூகுள் பிளஸ் 2019-லும் மூடப்பட்டன. அங்கே எழுதிப் பிரதி எடுத்து வைக்காதவர்களின் பள்ளி, கல்லூரிக் காலம் அதோடு போயிற்று. பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் மொத்தப் பதிவுகளையும் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரம் அதற்குத் தோதான நேரம். ஒரு பிரதியைக் கணினியில் வையுங்கள். முடிந்தால் இன்னொன்றைத் தாளில் அச்செடுத்துப் பைண்டிங் செய்துவிடுங்கள். வீட்டில் இணையம் பார்க்காத தாத்தா பாட்டி இருந்தால், முதலில் வாசிக்கப் போவது அவர்களாகத்தான் இருக்கும்.