அன்வர் அலி: இருதயச் சோதனையைக் கடந்து வந்த பின்கள வீரர்

அன்வர் அலி இந்தியத் தேசிய உதைபந்தாட்ட அணியின் நடுப் பின்கள வீரர். 2000 ஒகஸ்ட் 28 அன்று பஞ்சாப் மாநிலத்தின் ஜலந்தர் மாவட்டத்தில் உள்ள ஆதம்பூரில் பிறந்தவர். பதினேழு வயதில் உலகக் கிண்ணப் போட்டியில் ஆடினார். இருபது வயதை எட்டுவதற்குள், இனி ஆடவே கூடாது என்ற வைத்திய ஆலோசனையை எதிர்கொண்டார். இருபத்தொரு வயதில் நாட்டின் சீருடையை அணிந்தார். ஓர் இளம் பின்கள வீரர் எப்படி உருவாகிறார் என்பதையும், அவருடைய உடல்நலம் குறித்த முடிவை யார், எப்படி எடுக்க வேண்டும் என்பதையும் அவருடைய தொடக்க கால வாழ்க்கை சேர்த்தே காட்டுகிறது.

பஞ்சாபின் ஜலந்தர், ஹோஷியார்பூர் மாவட்டங்கள் உதைபந்தாட்டம் வேரூன்றிய மண். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா தங்கம் வென்றபோது அணியின் தூணாக நின்ற பின்கள வீரர் ஜர்னைல் சிங் இந்தப் பகுதியைச் சேர்ந்தவர். தலையில் தையல் போட்டிருந்த நிலையில், தென்கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் அவர் முன்களத்துக்கு அனுப்பப்பட்டு ஒரு கோலும் போட்டார். அன்வரின் பாதை இதற்கு நேர்மாறானது. சிறுவனாக மாஹில்பூரில் முன்கள வீரராகப் பயிற்சியைத் தொடங்கிய அவர், மினர்வா பயிற்சிக்கூடத்தில்தான் பின்களத்துக்கு மாற்றப்பட்டார்.

இந்த மாற்றம் அவருடைய ஆட்டத்துக்குத் தனி அடையாளம் கொடுத்தது. இன்றைய உதைபந்தாட்டத்தில் நடுப் பின்கள வீரரின் வேலை எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதோடும், உயர்ந்து வரும் பந்தைத் தலையால் முட்டி அகற்றுவதோடும் முடிவதில்லை. தன் அணியின் தாக்குதலைப் பெரும்பாலும் அவரே தொடக்கி வைக்கிறார். எதிரணி நெருங்கி வரும்போது பதறாமல் பந்தைக் காலில் வைத்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் வெளி திறக்கிறது என்று பார்த்து நீண்ட பாஸ் கொடுக்க வேண்டும். கோலை நோக்கி ஆடிப் பழகிய கால்களுக்கு இது இயல்பாக வந்தது. தூரத்திலிருந்து பலமாக அடிக்கும் திறமையும் அன்வரிடம் தங்கியது.

2017 ஒக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணம் இந்தியாவில் நடந்தது. ஃபிபா உலகக் கிண்ணம் ஒன்றில் இந்திய அணி ஆடியது அதுவே முதல் தடவை. போர்த்துக்கேயரான லூயிஸ் நோர்ட்டன் டி மட்டோஸ் பயிற்றுவித்த அந்த அணியில் அன்வரும் இடம்பெற்றார். டில்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் ஐக்கிய அமெரிக்கா இரண்டு கோல்களால் முன்னிலையில் இருந்தபோது, அன்வர் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. திரும்பிய பந்தோடு அமெரிக்கர்கள் மறுமுனைக்கு விரைந்து மூன்றாவது கோலைப் போட்டார்கள். நழுவிய கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் இடையில் சில விநாடிகளே இருந்தன. கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4 எனத் தோற்று இந்தியா முதற் சுற்றோடு வெளியேறியது. அந்த இளைஞர்களில் பலர், இளம் வீரர்களை வளர்ப்பதற்காக அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் நடத்திய இந்தியன் அரோஸ் அணிக்காக, கழகங்கள் மோதும் ஐ-லீக் தொடரில் தொடர்ந்து ஆடினார்கள். அன்வரும் அவர்களில் ஒருவர்.

அடுத்த ஆண்டு ஒகஸ்டில் ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் நடந்த கோட்டிஃப் கிண்ணப் போட்டியில், 20 வயதுக்குட்பட்ட இந்திய அணி ஆர்ஜென்டீனாவைச் சந்தித்தது. தீபக் தாங்ரி தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டார். இரண்டாவது பாதியில் அனிகேத் ஜாதவ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, இந்தியா பத்துப் பேரோடு ஆட வேண்டியதாயிற்று. 68ஆவது நிமிடத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கை அன்வர் நேரடியாகக் கோலாக்கினார். ஆட்டம் 2-1 என இந்தியாவுக்குச் சாதகமாக முடிந்தது. அன்று ஆர்ஜென்டீன இளைஞர்களைப் பயிற்றுவித்த லியோனல் ஸ்கலோனிதான் 2022இல் அந்த நாட்டுக்கு உலகக் கிண்ணத்தை வென்று கொடுத்த பயிற்றுநர்.

அந்தக் காலப்பகுதியில் இந்தியன் சூப்பர் லீக்கின் மும்பை சிட்டி கழகம் அன்வரை ஒப்பந்தம் செய்தது. 2019இல் நடந்த வைத்தியப் பரிசோதனையில் அவருக்கு இருதயத் தசைத் தடிப்பு நோய் இருப்பது தெரியவந்தது. இருதயத்தின் கீழ்முனையில் தசை தடிக்கும் வகை அது.

இந்த நோயில், இரத்த அழுத்தம் போன்ற வெளிக்காரணம் எதுவும் இல்லாமலே இருதயச் சுவர் தடிக்கிறது. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவது. ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. பலர் எந்த அறிகுறியும் இல்லாமல் முழு வாழ்நாளையும் கழிக்கிறார்கள். ஆனால் சிலருக்குக் கடும் உழைப்பின்போது இருதயத் துடிப்பு தாறுமாறாகி, இருதயம் இரத்தத்தைச் செலுத்த முடியாமல் நின்றுவிடும். 2003 யூன் 26 அன்று பிரான்ஸின் லியோன் நகரில் நடந்த கொன்ஃபெடரேஷன்ஸ் கிண்ண அரையிறுதியில், கமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ மைதானத்திலேயே விழுந்து 28 வயதில் இறந்தார். அவருக்கும் இருதயத் தசை தடித்திருந்தது.

இத்தகைய நோயுள்ளவர்கள் போட்டி விளையாட்டை விட்டுவிட வேண்டும் என்பதே நீண்ட காலம் வைத்திய உலகின் பொது விதியாக இருந்தது. 2020இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளியான வழிகாட்டல்கள் இந்த விதியைத் தளர்த்தின. நோயின் வகை, குடும்ப வரலாறு, மயக்கம் வந்ததா என்பது, பரிசோதனைகளின் பெறுபேறு ஆகியவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆராய்ந்து, ஆபத்தை விளையாட்டு வீரருக்கு விளங்க வைத்து, அவரோடு கலந்து முடிவெடுக்கலாம் என்ற நிலை வந்தது. நெதர்லாந்தின் பின்கள வீரர் டேலி பிளின்டுக்கு 2019 டிசெம்பரில் இருதயத் தசை அழற்சி கண்டறியப்பட்டது. துடிப்பு பிழைத்தால் சரிசெய்யும் சிறு கருவி உடலுக்குள் பொருத்தப்பட்டு, சில வாரங்களில் அஜக்ஸ் அணிக்குத் திரும்பினார். 2022 உலகக் கிண்ணத்தில் கோலும் போட்டார். அவருடைய நோய் வேறு, அன்வருடைய நோய் வேறு. ஆனாலும் இருதய நோய் என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடனே கதவைச் சாத்திவிட முடியாது என்பதை பிளின்ட் உணர்த்தினார்.

2020இல் கொல்கத்தாவின் மொஹமடன் ஸ்போர்ட்டிங் கழகத்தில் அன்வர் சேர்ந்தபோது, அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் அவரைப் பயிற்சியிலிருந்து விலக்கி வைக்கச் சொன்னது. உயிருக்கு ஆபத்து நேரலாம் என்ற அச்சம் சம்மேளனத்துக்கு இருந்தது. அந்த அச்சத்தைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் தன்னையும் தன் வைத்தியர்களையும் முழுமையாகக் கேளாமல் தொழிலைப் பறிக்கக்கூடாது என்று அன்வர் டில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். விடயம் மீண்டும் நிபுணர்களின் பரிசீலனைக்குச் சென்றது. 2021இல் டில்லி எஃப்சி கழகத்துக்காக டியூரண்ட் கிண்ணத்தில் அவர் மறுபடியும் களமிறங்கினார்.

அங்கிருந்து ஏற்றம் வேகமாக வந்தது. 2022 ஜனவரியில் எஃப்சி கோவா அவரை எடுத்துக்கொண்டது. மார்ச் 23 அன்று பஹ்ரைனுக்கு எதிராகத் தேசிய அணியில் அறிமுகமானார். யூன் 14 அன்று கொல்கத்தாவில் நடந்த ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் ஹொங்கொங்குக்கு எதிராக இரண்டாவது நிமிடத்திலேயே கோல் போட்டார். இந்தியா 4-0 என வென்றது. பின்கள வீரரின் பிழை எல்லோர் கண்ணிலும் படும் என்பதையும் அவர் அனுபவித்தார். 2023 தெற்காசியக் கிண்ணத்தில் குவைத்துக்கு எதிரான குழு நிலை ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அவர் காலில் பட்டுச் சொந்த வலைக்குள் போன பந்து வெற்றியைச் சமநிலையாக்கியது. ஒரு வாரத்தில் அதே குவைத்தைப் பெனால்டியில் வென்று இந்தியா கிண்ணத்தைத் தூக்கியது. 2023-24 பருவத்தில் மோகன் பகான் அணியோடு டியூரண்ட் கிண்ணத்தையும் இந்தியன் சூப்பர் லீக் கேடயத்தையும் வென்றார். 2024இல் ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். அந்த மாற்றம் ஒப்பந்தத் தகராறாகி மீண்டும் சம்மேளனம், நீதிமன்றம் என்று சென்றது.

அன்வரின் நோய் வெளிப்பட்டதற்குக் காரணம், தொழில்முறைக் கழகம் ஒன்று ஒப்பந்தத்தோடு வைத்தியப் பரிசோதனையும் செய்ததுதான். அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டில், காங்கேசன்துறையிலிருந்து பாசையூர் வரை, மாலையானால் மைதானங்களில் இளைஞர்கள் பந்தோடு நிற்கிறார்கள். பெண்கள் உதைபந்தாட்டத்தில் பெயர் பெற்ற தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியும் இந்தக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கிலேயே இருக்கிறது. பாடசாலை அணிக்கும் ஊர்க் கழகத்துக்கும் ஆடுபவர்களுக்கு ஒப்பந்தமும் இல்லை, கட்டாயப் பரிசோதனையும் இல்லை. ஆகவே அறிகுறிகளைப் பெற்றோரும் பயிற்றுநர்களும் அறிந்திருக்க வேண்டும். ஓடும்போது மயங்கி விழுதல், நெஞ்சு நோவு, காரணமில்லாத படபடப்பு, வயதுக்கு மீறிய மூச்சுத்திணறல், குடும்பத்தில் ஒருவர் இளவயதில் திடீரென இறந்திருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டிய பின்னரே மைதானத்துக்கு அனுப்ப வேண்டும். முதற் பரிசோதனையான ஈசிஜியைத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் எடுக்கலாம். மேலதிக சிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இருதய நிபுணர்கள் இருக்கிறார்கள். மைதானத்தில் ஒருவர் விழுந்து அசைவற்றுக் கிடந்தால், அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவியை ஒவ்வொரு கழகத்திலும் சிலராவது கற்றிருக்க வேண்டும். நோய் இருப்பது தெரிந்தால் சிலருக்கு ஆட்டம் நிற்கும், சிலருக்கு அன்வரைப் போல வழி திறக்கும். எதுவானாலும் அதை விளங்கி முடிவெடுக்கும் வாய்ப்பு, முன்கூட்டியே பரிசோதித்தவருக்குத்தான் கிடைக்கும்.