மெதுவாகப் போன குற்றம்!
காருக்காகப் பாட்டுக் கட்டியவர்களின் கதை

திருவண்ணாமலையில் கிரிவலம் வந்தவர்களுக்கு அடி அண்ணாமலை தெரிந்திருக்கும். மலையைச் சுற்றும் பாதை 14 கிலோ மீட்டர். அதில் பெரிய கோவிலுக்கு நேர் எதிர்ப்புறம், மலையின் முதுகுப் பக்கம் இருக்கிறது இந்த ஊர். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று சொல்வார்கள். தோழிகள் ஒருவரை ஒருவர் எழுப்பி, கூட்டமாகச் சேர்ந்து பாடும் பாட்டு அது.

அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து செல்போனில் ஓர் ஆங்கிலப் பாட்டைக் கேட்டுக் கொண்டிருந்தேன். பக்கத்தில் டீ குடித்துக் கொண்டிருந்த ஆட்டோ டிரைவர் காதைத் தீட்டினார்.

"என்ன சார், மாட்டு மணி அடிக்குது?"

சரியாகத்தான் சொன்னார். அது மாட்டு மணியேதான்! 1975-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த "லோ ரைடர்" என்ற பாட்டு, மாட்டு மணிச் சத்தத்தோடுதான் தொடங்குகிறது. பாடியவர்கள் "வார்" என்ற குழுவினர். பெரும்பாலோர் கறுப்பு இனத்தவர். மவுத்தார்கன் வாசித்த லீ ஆஸ்கர் மட்டும் டென்மார்க்கில் பிறந்தவர்.

"சாமி பாட்டா?"

"இல்லை. கார் பாட்டு."

"காருக்கு என்ன சார் பாட்டு?"

கேள்வி நியாயமானது. பதில் கொஞ்சம் பெரியது.

தரையைத் தொடும் கார்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் மெக்சிகோ நாட்டு வம்சாவளியினர் ஏராளம். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்தவர்கள். புதுக் கார் வாங்க வசதி ஏது? பழைய காரை வாங்கினார்கள். பளபளவென்று வர்ணம் பூசினார்கள். பின்பக்கம் மணல் மூட்டையை அடுக்கியோ, ஸ்பிரிங்கை வெட்டியோ, கார் தரையோடு தரையாகப் போகும்படி செய்தார்கள். வெள்ளைக்கார வாலிபர்கள் காரை வேகமாக ஓட்டிப் பெருமைப்பட்டார்கள். இவர்களோ தாழ்வாக, மெதுவாக ஓட்டிப் பெருமைப்பட்டார்கள்! ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனால் விட்டியர் சாலையில் இந்தக் கார்கள் தேர் போல வரிசையாக ஊர்ந்து போகும். நடைபாதையில் குடும்பம் குடும்பமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

சர்க்காருக்கு இது பிடிக்கவில்லை. காரின் எந்தப் பாகமும் சக்கரத்தின் இரும்பு வளையத்துக்குக் கீழே தாழக்கூடாது என்று கலிபோர்னியா மாகாணம் சட்டம் போட்டது. 1958-ம் ஆண்டு அது அமலுக்கு வந்தது. தாழ்ந்த காரைக் கண்டால் போலீசார் நிறுத்தி அபராதம் போட்டார்கள்.

ரான் அகிரே என்ற வாலிபர் சும்மா இருக்கவில்லை. 1959-ல் தன் காரில் எண்ணெய் பம்புகளைப் பொருத்தினார். ஆகாய விமானத்தில் இருப்பவை போன்ற பம்புகள் அவை. சுவிட்சைத் தட்டினால் பம்பு எண்ணெயைத் தள்ளும். கார் மேலே எழும்பும். எண்ணெயை இறக்கினால் கார் தாழும். மணல் லாரியின் தொட்டி தூக்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே வித்தைதான். போலீசைக் கண்டால் கார் எழுந்து நிற்கும். போலீஸ் போனதும் உட்கார்ந்து கொள்ளும்! சட்டத்துக்குத் தப்பக் கண்டுபிடித்த இந்தத் தந்திரம், பிறகு காரைக் குதிக்க வைத்து ஆடவிடும் கலையாகவே வளர்ந்து விட்டது.

ரோஜாப்பூ கார்

ஜெஸ்ஸி வலாடெஸ் என்பவரின் காரைச் சொல்லாமல் விட முடியாது. 1963-ம் ஆண்டு செவ்ரலே இம்பாலா காரை "ஜிப்ஸி ரோஸ்" என்று பெயரிட்டு அழகு செய்தார். யாரோ கல்லால் அடித்து அதைப் பாழாக்கி விட்டார்கள். மனிதர் உட்கார்ந்து அழவில்லை. 1964-ம் ஆண்டு இம்பாலா ஒன்றை வாங்கி, இளஞ்சிவப்பு வர்ணத்தில் உடம்பெங்கும் ரோஜாப் பூக்களை வரையச் செய்தார். அவர் 2011-ல் காலமானார். 2017-ல் அந்தக் கார் தலைநகர் வாஷிங்டனில், கண்ணாடிக் கூண்டுக்குள் தேசியப் பொக்கிஷமாக வைக்கப்பட்டது. எந்த மக்களின் கார்களை நிறுத்தி அபராதம் போட்டார்களோ, அவர்களுடைய கார்!

ஒன்று சேர்ந்து பாடினார்கள்

இனி பாட்டுக்கு வருவோம். 1970-களின் முடிவில் போலீசார் விட்டியர் சாலையில் இந்த உலாவை அடைத்து விட்டார்கள். வேறு ஊர்களிலும் தடை பரவியது. அந்தக் காலத்தில்தான் "ஹிப் ஹாப்" பிரபலமாகி வந்தது. தாளத்துக்கு ஏற்றபடி வசனம் போல வேகமாகச் சொல்லும் பாட்டு. நம் பிள்ளைகளும் இப்போது தமிழில் பாடுகிறார்களே, அதுதான்.

லாஸ் ஏஞ்சல்சைச் சேர்ந்த கிட் ஃபிராஸ்ட் என்ற பாடகர், கியூபாவில் பிறந்த மெல்லோ மேன் ஏஸ் முதலானவர்களைச் சேர்த்து "லத்தீன் அலையன்ஸ்" என்ற கூட்டணி அமைத்தார். 1991-ல் இவர்கள் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். அதே "லோ ரைடர்" பாட்டுத்தான், புது வடிவில்! பழைய பாட்டை இரவல் வாங்கியதோடு நிற்கவில்லை. "வார்" குழுவினரையே அழைத்துத் தங்களோடு சேர்த்துக் கொண்டார்கள். மெக்சிகோக்காரர், கியூபாக்காரர், கறுப்பர் எல்லாரும் ஒரே பாட்டில்! சாலையில் ஒன்றாகப் போகத் தடை இருந்தது. பாட்டில் ஒன்றாகப் போவதை யார் தடுப்பது?

அடுத்த ஆண்டே, 1992-ல், அதே மாகாணத்தில் நேஷனல் சிட்டி என்ற ஊர் இந்த உலாவுக்குத் தடை போட்டது. கார்க்காரர்கள் விடவில்லை. கூட்டம் கூட்டினார்கள், மனுக் கொடுத்தார்கள். 2023-ல் அந்த ஊர் தன் தடையை நீக்கியது. அதே ஆண்டு மாகாணச் சட்டசபையும் இறங்கி வந்தது. காரின் உயரக் கட்டுப்பாடும், மெதுவாக உலாப் போவதற்கான தடைகளும் சேர்ந்தே ரத்தாயின. புதுச் சட்டம் 2024-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. ஒரு காரைத் தாழ்த்தி ஓட்ட 66 ஆண்டு காத்திருந்திருக்கிறார்கள்!

இவ்வளவையும் கேட்ட ஆட்டோ டிரைவர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"இங்கே வேகமாப் போனா பிடிப்பாங்க சார். மெதுவாப் போனா பிடிப்பாங்கன்னு இப்பத்தான் கேள்விப்படறேன்" என்றார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் சார், அந்த எண்ணெய் பம்பு ஆட்டோவுக்கும் மாட்டலாமா?"