இடையும் விலகலும்

வகுப்பின் சராசரி 60 என்று கேட்டவுடன், மாணாக்கருட் பெரும்பாலார் அப்புள்ளியை அண்மி நிற்கின்றனர் என நாம் எண்ணிவிடுகின்றோம். ஐவர் பெற்ற புள்ளிகள் 40, 50, 50, 60, 100 எனக் கொள்வோம். சராசரி எனப்படும் கூட்டலிடை 60. ஆயினும் அதனை விஞ்சியவர் ஒருவரே. வரிசையின் நடுவில் நிற்கும் இடையமும், மிகுதியாகத் தோன்றும் ஆகாரமும் 50 ஆகும். ஒருவர் பெற்ற நூறு கூட்டலிடையை உயர்த்திற்று, இடையத்தையோ அசைக்கவில்லை. சம்பளக் கணக்கிற் சராசரி மட்டுங் கூறுவோரை நாம் சற்று ஐயுறுவது இதனாலேயே.

இனிப் புள்ளிகளின் பரவலை நோக்குவோம். உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் உள்ள வேறுபாடாகிய வீச்சு 60. அஃது இரு முனைகளையே அறியும். நடுவே நின்றாரை அறியாது. ஆதலால், ஒவ்வொரு புள்ளியும் கூட்டலிடையினின்று விலகும் அளவை வர்க்கித்து, அவ்வர்க்கங்களின் சராசரியைக் கண்டு, அதன் வர்க்கமூலத்தை எடுப்பர். அதுவே நியமவிலகல், இங்கு ஏறக்குறைய 21.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2001 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை முதலாக, நம் நாட்டிற் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றது. மாணாக்கர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் கூட்டலிடையைக் கழித்து, நியமவிலகலால் வகுத்துப் பெறுவது அது. இரு பாடங்களிலும் கூட்டலிடை 50 ஆகவும், நியமவிலகல் ஒன்றில் 5, மற்றையதில் 20 ஆகவும் இருப்பின், 60 பெற்றவருக்கு முன்னதில் 2, பின்னதில் 0.5 கிட்டும். பெற்ற புள்ளி ஒன்றே. உடன் எழுதியோர் பரந்து நின்ற நிலையே வேறு. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுக்குச் சராசரி கண்டே மாணாக்கரை நாடளாவியும் மாவட்டந்தோறும் நிரற்படுத்துவர்.