மலைச்சரிவுக்கு ஒரு வரைபடம்

பூமியதிர்ச்சி அடிக்கடி நேரும் ஜப்பான் முதலிய நாடுகளில், நிலம் குலுங்கிய சில நிமிடங்களுக்குள், எவ்விடத்தில் எவ்வளவு அதிர்வு என்பதைக் காட்டும் படத்தைக் கணினி வரைந்துவிடுகிறது. கருவிகள் அனுப்பும் அளவுகளோடு மண்ணின் இயல்பையும் அது சேர்த்துக் கணக்கிடுகிறது; பாறைமேல் அமைந்த ஊரைவிட இளகிய மண்மேல் அமைந்த ஊர் மிகுதியாக ஆடும் அன்றோ?

ஊவா மாகாணத்திலும் 2023 பெப்ரவரியில் புத்தல, வெல்லவாயப் பகுதிகளில் சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. ஆயினும், பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் உயிர்களைக் கொள்ளைகொள்வது பூமியதிர்ச்சியன்று. மழையில் ஊறி இறங்கும் மலைச்சரிவே ஆகும். அதற்கும் இத்தகைய படம் உண்டு.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் முற்பகுதியில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் இப்பணியை மேற்கொண்டது. நிலச்சாய்வு, அடிப்பாறை, அதன் மேற்கிடக்கும் மண், நிலத்தின் வடிவம், நீர் வடியும் வழி, நிலத்தைப் பயன்படுத்தும் முறை ஆகிய ஆறும் ஆராயப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். ஒவ்வோர் இடத்துக்கும் அதில் ஒரு மதிப்பெண். ஆறு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கணினி மதிப்பெண்களைக் கூட்டுகிறது. கூட்டுத்தொகை மிக்க இடமே அபாய வலயம் எனக் குறிக்கப்படுகிறது.

படம் இடத்தைச் சொல்லும். வேளையைச் சொல்வது மழைமானி. மண்ணுள் இறங்கும் நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டுகிறது. துகள்களின் பிடிப்பையும் தளர்த்துகிறது. ஆகவே 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பும், 100 ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். 150ஐ எட்டினாலோ, ஒரே மணியில் 75 பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும் என்பது விதி.

இவ்வளவும் இருந்தும் 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவு குறைவுபடவில்லை; அந்த அறிவு லயத்தின் வாசலை எட்டிச் செயலாகவில்லை.

வெளியேறுக என்று சொல்வது எளிது. ஆனால், லயக் காம்பராவும் அது நிற்கும் நிலமும் பெரும்பாலும் அங்கு வாழ்வோருக்கு உரிமையானவையல்ல. மாற்று நிலமின்றி, வேலைத்தலத்தை விட்டு அவர்கள் எங்கே செல்வர்? ஓரிரவு பாடசாலையில் தங்கியவர்கள் மழை விட்டதும் பழைய லயத்துக்கே திரும்ப நேர்கிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘தித்வா’ புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளைக் கண்டது.

நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்று, இறுகித் திறவாத கதவு ஆகியவை மலை தரும் முன்னறிவிப்புகள். இவற்றைக் கண்டவர் மழையளவு விதியை எட்டும்வரை காத்திராது உடனே விலக வேண்டும். நிலையான காப்போ வேறு. அபாய வலயத்திலுள்ள ஒவ்வொரு லயத்துக்கும் பத்திரமான ஓரிடத்தில் உரிமை நிலம் கிடைக்கும் நாளிலேதான், கணினி வரைந்த அந்தப் படத்தின் பயன் முழுமை பெறும்.