வழி ஒன்று, நேரம் இரண்டு

திமிரி, ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்துத் தோலும் காலணியும் ஐரோப்பாவுக்குப் போகின்றன. அந்தத் தொழிலுக்காகச் சென்னையிலிருந்து லண்டனுக்குப் பறப்பவர்கள் கவனித்திருப்பார்கள்: போக ஏறத்தாழ 11 மணி நேரம், திரும்பிவர 10 மணி நேரம். தூரமோ போனாலும் வந்தாலும் சுமார் 8,200 கிலோமீட்டர்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

பூமி சுழல்வதால் என்று பலர் நினைப்பதுண்டு. திமிரி இருக்கும் அட்சரேகையில் நிலம் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. விமானம் மேலே தனியாக நின்றால் லண்டனே அதை நோக்கி ஓடி வர வேண்டும். மேற்கே போவதுதான் சுலபமாக இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. ஓடும் ரயில் பெட்டிக்குள் இருக்கும் காற்றுபோல, வளிமண்டலமும் நிலத்தோடு சேர்ந்தே சுழல்கிறது.

ஆனாலும் சுழற்சிக்கு வேறு விதத்தில் பங்கு உண்டு. நிலநடுக்கோட்டருகே சூடாகி மேலெழும் காற்று துருவத்தை நோக்கி நகரும்போது, பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. இப்படித்தான் சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்றோட்டம் உருவாகிறது. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே அதன் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். லண்டன் போகும் விமானத்துக்கு அது எதிர்காற்று. திரும்பும் விமானத்துக்குப் பின்காற்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றே இல்லாத வானில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 8,200 கிலோமீட்டரைக் கடக்க 9 மணி 7 நிமிடம் ஆகும். வழிநெடுக 100 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால் 10 மணி 15 நிமிடம். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 8 மணி 12 நிமிடம். இழப்பு 68 நிமிடம், லாபம் 55 நிமிடம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருப்பதால், போகும்போது எடுத்துக்கொண்டதைக் காற்று வரும்போது முழுதாகத் திருப்பித் தருவதில்லை.

நம் தலைக்கு மேலேயே இன்னோர் அதிசயம் இருக்கிறது. ஆடி மாதம் திமிரியில் மரங்களை ஆட்டும் காற்று மேற்கிலிருந்து வருகிறது. அதே நாளில் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையை ஒட்டி, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்றோட்டம் பாய்கிறது. கோடையில் திபெத் பீடபூமி சூடாவதோடு தொடர்புடைய இந்த ஓட்டத்தை, இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் தம் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். தென்மேற்குப் பருவமழையைப் புரிந்துகொள்ள அது இன்றும் உதவுகிறது.

இந்தக் காற்றுகளை அளக்கவே மீனம்பாக்கத்திலிருந்தும் உலகின் பல நூறு நிலையங்களிலிருந்தும் வானிலை பலூன்கள் மேலே அனுப்பப்படுகின்றன. பறக்கும் விமானங்களும் தாம் கடக்கும் காற்றின் வேகத்தை அறிவிக்கின்றன. அந்த அளவுகளிலிருந்து பிறக்கும் முன்கணிப்பை வைத்துத்தான் அன்றைய வழியும், நிரப்ப வேண்டிய எரிபொருளும், லண்டனில் இறங்கும் நேரமும் புறப்படும் முன்பே முடிவாகின்றன.