கிறிஸ்துமஸுக்கு என்ன படம்?

டிசம்பர் 23-ஆம் தேதி மாலையிலிருந்தே தாம்பரம் ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமிருக்காது. முத்துநகர், நெல்லை, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்கள் எழும்பூரிலேயே நிரம்பித்தான் வந்து நிற்கும். தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் பண்டிகைக்குப் போகிறவர்கள் அவர்கள். ஊருக்குப் போகாமல் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பரங்கிமலையிலும் இருந்துவிடுகிற குடும்பங்களுக்கு நள்ளிரவு ஆராதனை அல்லது விடியற்காலை ஆராதனை. அப்புறம் பிரியாணி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கேக். அரையாண்டுத் தேர்வு முடிந்து வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கோ, அவர்கள் எந்த மதமானாலும், அன்றைக்கு ஒரே கேள்விதான்: டி.வி.யில் என்ன படம்?

பெரும்பாலும் மனசுக்கு நிறைவான பதில் கிடைப்பதில்லை. தமிழ்ச் சேனல்களின் நாள்காட்டியில் தீபாவளி, பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, மே தினம் இவற்றுக்குப் பின்னால்தான் கிறிஸ்துமஸ் நிற்கிறது. அஜித்தின் ‘விஸ்வாசம்’ 2019 மே 1 அன்று சன் டி.வி.யில் முதல்முறையாக ஒளிபரப்பானது. தொழிலாளர் தினம், கோடை விடுமுறை, அஜித்தின் பிறந்தநாள் மூன்றும் கூடிவந்த நாள் அது. பெரிய விலை கொடுத்து ஒளிபரப்பு உரிமை வாங்கிய படத்தை எந்த நாளில் போடுவது என்று அவ்வளவு யோசிப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்த சோதனை, மூன்றே வாரத்தில் பொங்கல் வந்துவிடுகிறது. ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை விளம்பரமெல்லாம் அங்கே குவியும்போது, கையில் இருக்கும் புதுப்படத்தை டிசம்பர் 25-க்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

கேரளத்தில் கதை வேறு. ஓணம், விஷு, கிறிஸ்துமஸ் மூன்றுமே அங்கே சேனல்களுக்குப் புதுப்படக் காலங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். விளம்பரம் தருகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள் என்றால், அது தவறான கணக்கு என்பேன். பண்டிகை ஆறு சதவீதம் பேருடையதாக இருக்கலாம். விடுமுறை எல்லாப் பிள்ளைகளுடையது. தாம்பரம் மாநகராட்சி முழுக்க ஒவ்வொரு தெருவிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் கிழமை. 2022-இல் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாலையிலும் படம் போட வழி இருந்தது. வார நாளில் வந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் சீரியல்களின் ராஜ்யம். அவற்றை ஒருநாள் நிறுத்தினால் டி.ஆர்.பி. போய்விடும் என்ற பயம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விட்டுக்கொடுப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே படம் காலை 11 மணிக்குத் தள்ளப்படுகிறது. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்கின்றன கேபிள் தொலைக்காட்சி விதிகள். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே இரண்டரை மணி நேரப் படம் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆராதனை முடிந்து வந்து, விருந்தினரைக் கவனிக்கும் வீட்டில் அந்த நேரத்தில் யார் உட்கார்ந்து பார்ப்பது?

எந்தப் படம் என்பதும் முக்கியம். போலந்தில் ‘ஹோம் அலோன்’ இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. 2010-இல் போல்சாட் சேனல் அதை விட்டுவிட நினைத்தபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். அமெரிக்காவில் 1946-இல் வந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தின் காப்புரிமையை 1974-இல் புதுப்பிக்கத் தவறினார்கள். சேனல்கள் ஆண்டுதோறும் டிசம்பரில் அதைப் போட்டுப் போட்டே, வெளியானபோது சுமாராக ஓடிய அந்தப் படத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன.

நம்மிடம் படம் இல்லையா? ‘ஞானசௌந்தரி’ 1948-இலேயே வந்தது. சிட்டாடல் எடுத்த அந்தப் படம் சக்கைப்போடு போட்டது. அதே கதையை ஜெமினியில் எடுத்த எஸ்.எஸ்.வாசன், தம் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1971-இல் ஜெமினி கணேசன் நடித்த ‘அன்னை வேளாங்கண்ணி’. பாரதிராஜாவின் ‘கடலோரக் கவிதைகள்’ ஜெனிபர் டீச்சரை 1986-இல் பார்த்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. தெலுங்கிலிருந்து தமிழ் பேசிய ‘கருணாமூர்த்தி’யும் உண்டு. மணிரத்னத்தின் ‘கடல்’ தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை வாழ்க்கையைத் தொட்ட படம். பழைய படங்களை 25-ஆம் தேதி காலையில் போட்டால், ரயிலேற முடியாமல் இங்கேயே தங்கிவிட்ட தாத்தா பாட்டிகளுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

திரையரங்கில் வெளியான நான்கு வாரத்தில் தமிழ்ப் படம் செல்போனுக்கு வந்துவிடுகிற காலம் இது. முதல்முறையாக என்று சொல்லி ஆள் சேர்க்கும் பலம் சேனல்களிடம் குறைந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் படம் என்பதுதான் மிச்சமிருக்கும் பலம். அதற்குச் சட்டமே இப்போது கைகொடுக்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி யு/ஏ சான்றிதழ் 7 வயது, 13 வயது, 16 வயது என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் படம் எந்த வயதுக்கு என்று சேனல்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

சேனல்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அரையாண்டு விடுமுறை முழுவதும் பகல் படங்கள் யு அல்லது 7 வயதுப் பிரிவில் இருக்கட்டும். கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றைக்கு ஒரு மாலை மட்டும் சீரியல்களுக்கு விடுமுறை கொடுத்து, ஆறரை மணிக்குப் புதுப்படம் போடுங்கள். என்ன படம், எத்தனை மணிக்கு என்பதை ஒரு வாரம் முன்பே அறிவித்துவிடுங்கள்.