டபிள்யூ இல்லாத பிரவுன்

திருவனந்தபுரம் பாளையத்தை அடுத்த மேட்டில் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்து வானாய்வுக்கூடம் இருக்கிறது. 1837-இல் அமைந்த அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். 1849-இல் அவர் இறந்துபோக, 1852-இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். காந்த ஊசியின் அன்றாட அசைவுகளை அளப்பதற்காக அகத்தியமலையில், ஆறாயிரம் அடி உயரத்தில், இன்னொரு கூடமே கட்டியவர். அவருடைய காந்த அளவீடுகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே விஷயம் அவர் பெயரில் உள்ள ஓர் எழுத்து.

பிரவுன் என்றால் பழுப்பு நிறம். நாம் பள்ளியில் படித்தபடி எழுதினால் நடுவில் ஓ, டபிள்யூ வரும். இவர் பெயரில் டபிள்யூ இல்லை. அந்த இடத்தில் யு. அச்சுப்பிழை இல்லை. அறுநூறு வருஷத்துக்கு முன் ஆங்கிலேயர்கள் அந்த நிறத்தின் பெயரையே அப்படித்தான் எழுதினார்கள்.

அப்போது அந்தச் சொல்லின் ஒலியும் வேறு: ‘ப்ரூன்’. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் ‘ஊ’ ஒலிக்கு ஓ-யு என்று இரண்டு எழுத்துப் போட்டார்கள். டவுன் அன்று ‘டூன்’, ஹவுஸ் அன்று ‘ஹூஸ்’. பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கிய பெரிய ஒலிமாற்றத்தில் இந்த ‘ஊ’ மெல்ல ‘அவு’ ஆயிற்று. டபிள்யூ நுழைந்ததற்குக் கையெழுத்தும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் காலத்து ஏட்டில் ஐ, யு, என், எம் எல்லாமே ஒரே மாதிரிக் குத்துக்கோடுகள்தான். யு-வும் என்-னும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வரிசையாக நாலு கோடு நிற்கும். எது எந்த எழுத்து என்று பிரிக்க முடியாது. யு-வுக்குப் பதில் டபிள்யூ போட்டால் குழப்பம் குறையும். டவுன், கிரவுன், பிரவுன் மூன்றிலும் டபிள்யூ இருக்க, ஹவுஸில் மட்டும் பழைய யு அப்படியே நிற்பதைப் பாருங்கள். எல்லாச் சொல்லிலும் இந்தக் கணக்கு ஒத்துவராது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் எந்தக் கணக்குதான் முழுசாக ஒத்துவந்திருக்கிறது?

ஸ்காட்லாந்துப் பேச்சில் அந்த ஒலிமாற்றம் நடக்கவே இல்லை. அங்கே கிராமத்துக்காரர் வாயில் பழுப்பு இன்றைக்கும் ‘ப்ரூன்’தான். நம்மூருக்கு வருமுன் பிரவுன் வேலை பார்த்த வானாய்வுக்கூடம் இருந்த ஊர் மேக்கர்ஸ்டவுன். அந்தப் பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் ‘டவுன்’ என்பதிலும் டபிள்யூ கிடையாது, அதே யு. (அந்தக் கூடத்தின் சொந்தக்காரர் சர் தாமஸ் பிரிஸ்பேன். ஆஸ்திரேலிய நகரத்துக்கு அவர் பெயர்தான்.)

கால்டிகாட் என்ற பெயர் இன்னும் பழையது. ‘கால்ட்’ என்பது ‘கோல்ட்’, அதாவது குளிர். ‘காட்’ என்பது குடிசை. இங்கிலாந்தில் இந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. தனிச்சொல்லில் ‘ஆ’ நீண்டு ‘ஓ’ ஆகி கோல்ட் ஆனது. நீளமான ஊர்ப்பெயருக்குள் குறுகி மாட்டிக்கொண்டதோ மாறாமல் தப்பித்தது. குளிர்ந்த குடிசைக்காரர் ஒருவர் திருவனந்தபுரத்து வெயிலில் உட்கார்ந்து வெப்பமானி பார்த்திருக்கிறார்!

சொல் மாறும்போது பெயர் மட்டும் ஏன் நின்றது? உண்மையில் பெயர்களும் ரொம்ப நாள் ஆடிக்கொண்டுதான் இருந்தன. 1614-இல் லாகரிதத்தை வெளியிட்ட ஜான் நேப்பியரின் பெயரை அவர் காலத்தில் பல விதமாக எழுதினார்கள். ‘நெப்பர்’ என்ற அளவுப் பெயரில் அதில் ஒன்று தங்கிவிட்டது. 1476-இல் காக்ஸ்டன் அச்சுக்கூடம் வைத்தார், 1755-இல் ஜான்சனின் அகராதி வந்தது. சொற்களுக்கு ஒரே வடிவம் என்று ஆகிவிட்டது. உன் குடும்பப் பெயரைத் திருத்து என்று சொல்ல மட்டும் எந்த அகராதிக்கும் அதிகாரமில்லை. தேவாலயப் பதிவேட்டிலும் சொத்துப் பத்திரத்திலும் எந்த வடிவம் இருந்ததோ அதிலேயே குடும்பங்கள் நின்றுவிட்டன. டெய்லரில் ஐ-க்குப் பதில் ஒய் இருப்பதும், கிளார்க்கில் ஈ-க்குப் பதில் ஏ இருப்பதும் இப்படித்தான். திருவனந்தபுரத்து நேப்பியர் மியூசியத்தைக் கட்டிய ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோமின் நடுப்பெயரில் உபரியாக ஓர் ஈ உட்கார்ந்திருப்பதும் இப்படித்தான்.

ஊர்ப்பெயருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பிரவுன் 1874-இல் அச்சிட்ட புத்தகத்தில் ஊரின் பெயர் ‘ட்ரெவாண்ட்ரம்’, மலை ‘அகஸ்தியா மல்லே’. பிறகு ஊர் ட்ரிவாண்ட்ரம் ஆனது. 1991-இல் அரசு உத்தரவு போட்டு ஆங்கிலத்திலும் திருவனந்தபுரம் ஆக்கியது.

தமிழர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாயுடு என்பதை ஆங்கிலத்தில் இரண்டு ஓ போட்டு முடிப்பது அன்று சென்னையிலும் வழக்கம்தான். பின்னால் 1870களில் ஹன்டர் வகுத்த முறை பரவ, இங்கே இரட்டை ஓ போய் யு வந்தது. கடல் கடந்த பெயர்களுக்கு அந்தச் சேதி போகவில்லை. தென்னாப்பிரிக்காவில் நாயுடுவுக்கு இன்றும் இரண்டு ஓ, பிள்ளைக்குக் கடைசியில் ஒய். முதலி ‘மூட்லி’, கவுண்டர் ‘கோவெண்டர்’. டர்பன் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினால் விக்டோரியா காலத்துச் சென்னைக் குமாஸ்தாவின் எழுத்துக்கூட்டல் பக்கம் பக்கமாகக் கிடைக்கும்.